ஆளுக்குப் பின்னால் நாடு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் ‘ஸ்பானிய மொழியில் நாட்டவர் பெயர்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். இலக்கண வகுப்பு நடக்கப்போகிறது என்று பயந்து சிலர் வராமல் இருந்திருக்கலாம். துணிந்து வந்தவர்களுக்கு நன்றி. இலக்கணம் கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆனால் நான் தொடங்கப்போவது மெக்சிகோ நகரத்துச் சந்தையில்.

அங்கே பப்பாளி விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்கள் இந்தூவா?” என்று கேட்டார். எழுத்தில் அது ஹிந்தூ. ஸ்பானியர் முதல் ஹகரத்தை விழுங்கிவிடுவார்கள்; வாயில் இந்தூதான். நான் தூத்துக்குடிக்காரன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பம். எங்கள் வீட்டில் கோயில் என்றால் மாதா கோயில். எனவே, “இல்லையம்மா, நான் கத்தோலிக்கன்” என்றேன். அவருக்குக் குழப்பம். “கத்தோலிக்கர், சரி. நானும் அதுதான். எந்த நாட்டுக் கத்தோலிக்கர்?” “இந்தியா.” “அதைத்தானே கேட்டேன், இந்தூவா என்று!” என்று சொல்லிக்கொண்டே பழத்தை எடை போட்டுக் கொடுத்தார்.

இந்தச் சொல்லுக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன். அதற்கு முன்னால் சில அடிப்படைகள்.

ஊரையோ நாட்டையோ வைத்து ஆளைக் குறிக்கும் சொல்லுக்கு ஸ்பானிய இலக்கணத்தில் ‘ஹென்திலிசியோ’ என்று பெயர். குலம், குடி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இதற்குத் தமிழில் புதுக் கலைச்சொல் படைக்க வேண்டியதில்லை. தொல்காப்பியப் பெயரியல் உயர்திணைப் பெயர்களை அடுக்கும்போது நிலப்பெயர் என்று ஒரு வகையைச் சொல்கிறது. அருவாளன், சோழியன் என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டும் தருகிறார்கள். இன்றைய பேச்சு முழுவதும் நிலப்பெயர் என்றே சொல்லப்போகிறேன்.

சோழியன் என்ற சொல்லின் வாலைக் கவனியுங்கள். நிலம் ஆளாக மாற வேண்டுமானால் தமிழில் விகுதி வேண்டும். ‘நான் இந்திய’ என்று வாக்கியத்தை முடிக்க முடியாது. இந்தியன், இந்தியர், பேச்சில் இந்தியாக்காரன் என்று ஏதோ ஒரு விகுதி ஏறியாக வேண்டும். ‘இந்திய’ என்ற வெறும் அடை இன்னொரு பெயரின் தோளைப் பிடித்துக்கொண்டால்தான் நிற்கும்: இந்திய உணவு, இந்தியப் பெண்.

ஸ்பானியத்தில் அடைக்கும் பெயருக்கும் ஒரே உடைதான். ‘கோமீதா மெஹிகானா’ என்றால் மெக்சிகோ உணவு. ‘உனா மெஹிகானா’ என்றால் மெக்சிகோ நாட்டுப் பெண் ஒருத்தி. மெஹிகானா என்ற சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. உணவைச் சொல்லும் சொல் பெண்பால், பெண்ணும் பெண்பால், ஆகவே இரண்டு இடத்திலும் ஆகார ஈறு. ஆணானால் மெஹிகானோ, பலரானால் மெஹிகானோஸ். தமிழில் இந்தியன் உண்டு, ‘இந்தியள்’ இல்லை. தமிழன் என்பதற்கு மட்டும் தமிழச்சி என்று ஒரு துணையை வைத்துக்கொண்டோம். மற்ற நாட்டுப் பெண்களுக்கெல்லாம் ‘பெண்’ என்ற சொல்லைச் சேர்த்து ஒப்பேற்றுகிறோம்.

ஈறுகள் பலவகை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். பிரான்சுக்காரர் ஃபிரான்செஸ், பெண் ஃபிரான்செசா. கனடாக்காரர் ஆணானாலும் பெண்ணானாலும் கனாதியென்சே. ஈரான் நாட்டவர் இரானீ, பெல்ஜியம் நாட்டவர் பெல்கா, இவற்றிலும் பால் வேறுபாடு இல்லை. குவாத்தமாலா நாட்டவர் குவாத்தமால்தேக்கோ. அந்த ‘தேக்கோ’ ஐரோப்பாவிலிருந்து வந்ததல்ல, அஸ்தேக்குகள் பேசிய நாவாத்து மொழியின் விகுதி. வென்றவர் மொழிக்குள் தோற்றவர் மொழியின் விகுதி நுழைந்து, ஒரு குடியரசின் குடிமக்கள் அனைவர் பெயரிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நாட்டின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், நாட்டவர் பெயரைச் சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படிக்கிறவர்கள் வாழ்நாள் முழுவதும் தடுக்கி விழுகிற இடம் இது. தமிழ் எழுத்துக்கு இந்தத் தலைவலியே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழில் அடை முன்னால் வரும். இந்தியப் பெண் என்னும்போது நாடு முதலில் வருகிறது, ஆள் பின்னால் வருகிறாள். ஸ்பானியத்தில் நிலப்பெயர் அடையாக வந்தால் ஆளுக்குப் பின்னால்தான் நிற்கும். முதலில் பெண், பிறகு நாடு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘அன்சியானோ’ என்றால் முதியவர், முதிய என்று இரண்டு வேலையும் பார்க்கும். ‘இங்கிலேஸ்’ என்றால் ஆங்கிலேயர், ஆங்கிலேய. ‘உன் அன்சியானோ இங்கிலேஸ்’ என்றால் ஆங்கிலேய முதியவர். இடம் மாற்றி ‘உன் இங்கிலேஸ் அன்சியானோ’ என்றால் முதிய ஆங்கிலேயர். ஆள் அதே ஆள்தான். முதல் நாற்காலியில் யார் உட்காருகிறாரோ அவர் பெயர், இரண்டாவதாக உட்காருகிறவர் அடை. முதுமை அந்த மனிதரா, ஆங்கிலேயத்தன்மை அந்த மனிதரா என்பதை நாற்காலி தீர்மானிக்கிறது.

இதைவிடச் சின்னதாக ஒரு கருவியும் உண்டு. ‘ஒரு’ என்று பொருள்படும் ‘உன்’. ‘எஸ் மெஹிகானோ’ என்றால் அவர் மெக்சிகோக்காரர். உயரமானவர், இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதுபோல அதுவும் அவரைப் பற்றிய ஒரு செய்தி. எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். ‘எஸ் உன் மெஹிகானோ’ என்றால் கேள்வியே வேறு. வாசலில் நிற்பது யார்? ஒரு மெக்சிகோக்காரன். இங்கே நாடு ஆளின் குணமாக இல்லை, ஆளே நாடாகிவிட்டான். ‘உன்’ சேர்ந்தால் ஆளை ஒரு வகைக்குள் போட்டு மூடிவிடுகிறது. வசையிலும் இதே கதைதான். ‘எஸ் தோந்தோ’ என்றால் அசடாக இருக்கிறான். ‘எஸ் உன் தோந்தோ’ என்றால் அவன் ஓர் அசடு, அவ்வளவுதான், மேல்முறையீடு கிடையாது.

என் மாணவர்கள் முதல் வாரத்தில் செய்யும் பிழை இந்த ‘உன்’தான். ஆங்கிலப் பழக்கத்தில் ‘சோய் உன் இந்தியோ’, அதாவது ‘நான் ஓர் இந்தியன்’ என்று தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். அதில் எத்தனை பிழைகள் இருக்கின்றன என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

இப்படிப் பெயருக்கும் அடைக்கும் இடையிலுள்ள மெல்லிய சுவரை வைத்து ஒரு கதைத் தலைப்பையே கட்டியவர் செர்வாந்தேஸ். ‘தோன் கிஹோத்தே’ எழுதிய அவரே 1613இல் பன்னிரண்டு சிறு நாவல்களைத் தொகுப்பாக வெளியிட்டார். அவற்றில் ஒன்று ‘லா எஸ்பான்யோலா இங்கிலேசா’. ‘லா’ என்பது ‘அந்த’ என்பதற்கு நெருக்கமான பெண்பாற் சொல். மீதி இரண்டும் நிலப்பெயர்கள். எஸ்பான்யோலா, ஸ்பானியப் பெண். இங்கிலேசா, ஆங்கிலேயப் பெண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எழுதியவர் ஒதுங்கிக்கொள்கிறார்.

கதையில் ஆங்கிலேயர் காதிஸ் துறைமுகத்தைச் சூறையாடுகிறார்கள். கொள்ளைப் பொருளோடு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியையும் க்ளோதால்தோ என்ற கப்பல் தலைவர் லண்டனுக்குத் தூக்கிச் சென்றுவிடுகிறார். அவர் குடும்பம் வெளியே தெரியாமல் கத்தோலிக்க மதத்தைப் பின்பற்றும் குடும்பம். பெண் அங்கே இசபெலா என்ற பெயரோடு வளர்கிறாள், லண்டனில் பிறந்தவள்போல ஆங்கிலம் பேசுகிறாள். ஆனால் அவள் தாய்மொழியை மறந்துவிடக்கூடாது என்று க்ளோதால்தோ ரகசியமாக ஸ்பானியர்களை வீட்டுக்கு வரவழைத்து அவளோடு பேச வைக்கிறார். தூக்கி வந்தவரே மொழியையும் காப்பாற்றித் தருகிறார். அரசி எலிசபெத்தின் முன் அவளை நிறுத்தும்போது, ஸ்பானியத்திலேயே பேசு என்று அரசியே கேட்கிறாள். பிறகு பொறாமை, நஞ்சு, அழகிழப்பு, பெற்றோருடன் செவில் நகரத்துக்குத் திரும்புதல், இறந்ததாக நம்பப்பட்ட காதலன் அவள் கன்னிமடத்தில் சேரப்போகும் தருணத்தில் வந்து நிற்பது என்று கதை ஓடுகிறது. செர்வாந்தேஸ் சினிமாவுக்கு எழுதியிருந்தால் நன்றாகச் சம்பாதித்திருப்பார்.

தலைப்புக்கு வருவோம். முதல் நாற்காலியில் எஸ்பான்யோலா. அவள் பிறப்பால் ஸ்பானியப் பெண், அதுவே பெயர். இங்கிலேசா அவள்மேல் ஏறிய வளர்ப்பு, அது அடை. நாற்காலியை மாற்றினால் ஸ்பானியத்தன்மை ஏறிய ஆங்கிலேயப் பெண், வேறு கதை. தமிழில் இதை மொழிபெயர்த்துப் பாருங்கள். ‘ஆங்கிலேய ஸ்பானியப் பெண்’ என்றால் இரண்டும் அடையாகிவிடுகின்றன, பெண் தனியே நிற்கிறாள். ‘ஆங்கிலேயரான ஸ்பானியப் பெண்’ என்றால் அவள் முழுக்க மாறிவிட்டாள் என்று பொருள் வருகிறது. கதையோ அவள் மாறியும் மாறாமலும் இருப்பதைப் பற்றியது. நான் பலமுறை முயன்று, ‘ஆங்கிலம் ஏறிய ஸ்பானியப் பெண்’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன். திருப்தி இல்லை. இங்கே வந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் இதைவிட நல்லது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

கதையிலிருந்து வாழ்க்கைக்கு வந்தால் இரண்டு ஓவியர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

ஒருவர் 1541இல் கிரேத்தா தீவில் பிறந்த தொமேனிக்கோஸ் தியோதொகோபுலோஸ். வெனிஸ், ரோம் வழியாக 1577இல் ஸ்பெயினின் தொலேதோ நகரத்துக்கு வந்து, 1614இல் அங்கேயே இறந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘எல் கிரேக்கோ’. கிரேக்கோ என்பது இத்தாலியச் சொல். ஸ்பானியத்தில் கிரேக்கர் ‘கிரியேகோ’. முன்னால் இருக்கும் ‘எல்’ மட்டும்தான் ஸ்பானியம். ஆக, இத்தாலியில் ஒட்டிய நிலப்பெயரை ஸ்பானியச் சட்டகத்தில் மாட்டிவிட்டார்கள். அந்த மனிதரோ ஓவியங்களில் கிரேக்க எழுத்தில் தம் முழுப்பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டார். சிலவற்றில் ‘கிரேத்தன்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டார். எல்லோரும் அவரைக் கிரேக்கர் என்று பெயராக்கினார்கள்; அவர் தம்மைத் தம் தீவோடு அடையாக்கிக்கொண்டார்.

இன்னொருவர் ஹுசேப்பே தெ ரிபேரா. 1591இல் வலென்சியா வட்டாரத்தின் ஹாத்திவா ஊரில் பிறந்து இத்தாலிக்குப் போய் நேப்பிள்ஸில் தங்கி 1652இல் இறந்தவர். நேப்பிள்ஸ்காரர்கள் அவரை ‘லோ ஸ்பான்யொலெத்தோ’, அதாவது ‘குட்டி ஸ்பானியர்’ என்று அழைத்தார்கள். அவரும் கையொப்பத்தில் தம் பெயருக்குப் பின்னால் ‘எஸ்பான்யோல்’ என்று எழுதினார், பெருமையோடுதான். ஒருவர் ஸ்பெயினுக்கு வந்து கிரேக்கரானார், மற்றவர் ஸ்பெயினை விட்டுப் போய் ஸ்பானியரானார். சொந்த ஊரில் யாரும் யாரையும் நிலப்பெயரால் கூப்பிடுவதில்லை. ஊரைத் தாண்டினால்தான் அந்தப் பெயர் கிடைக்கிறது.

அந்த ‘எஸ்பான்யோல்’ என்ற சொல்லின் கதையும் இப்படித்தான். லத்தீன் ‘ஓலுஸ்’ ஈறு காஸ்தீலிய மொழியில், அதாவது ஸ்பானியத்தில், ‘உவேலோ’ என்று ஆவது வழக்கம். அதன்படி ‘எஸ்பான்யுவேலோ’ என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. எஸ்பான்யோல் என்பது பிரனே மலைக்கு அப்பாலிருந்த புரோவென்சால் மொழியிலிருந்து வந்த இறக்குமதி என்று சுவிஸ் மொழியியலாளர் பவுல் எபிஷெர் 1948இல் எழுதினார். வரலாற்றறிஞர் அமெரிக்கோ காஸ்த்ரோ அதை எடுத்துக்கொண்டு, ஸ்பானியர் என்ற பெயரே அயல்நாட்டுச் சொல் என்று விரிவாக வாதாடினார். காஸ்தீலியர், அரகோனியர், கலீசியர் என்று உள்ளே இருந்தவர்கள் தங்களைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மலைக்கு அப்பால் இருந்தவர்களுக்கு எல்லோரும் ஒன்றாகவே தெரிந்தார்கள். எல்லா அறிஞர்களும் இதை ஒப்புக்கொண்டதாகச் சொல்லமாட்டேன். மொழியறிஞர் மெனெந்தெஸ் பிதால் வேறு வழியில் விளக்கினார். எனக்கு எபிஷெர் பக்கம்தான் சாய்வு.

இந்த இடத்தில் நம் ஊர்க் காரியம் ஒன்று. தமிழ்நாட்டில் சவேரியார், சேவியர் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயர் அது. உண்மையில் அது ஆளின் பெயரே அல்ல, அவர் 1506இல் பிறந்த நவார்ரா நாட்டுக் கோட்டையின் பெயர். பாஸ்கு மொழியில் ‘புது வீடு’ என்று பொருள். நம்மூரில் ஒரு சேவியரைக் கூப்பிடும்போதெல்லாம் நாம் ‘புதுவீட்டாரே’ என்றுதான் கூப்பிடுகிறோம். என் தாத்தாவுக்கும் அந்தப் பெயர்தான்.

ஊர்ப்பெயர்களில் ஸ்பானியம் காட்டும் குறும்பைச் சொல்லாமல் விட மனமில்லை. சந்தியாகோ என்று பல ஊர்கள் உண்டு. சிலி நாட்டுத் தலைநகரான சந்தியாகோவில் பிறந்தவர் சந்தியாகினோ. யாத்திரைத் தலமான ஸ்பெயின் சந்தியாகோவில் பிறந்தவர் சந்தியாகேஸ். கியூபாவின் சந்தியாகோவில் பிறந்தவர் சந்தியாகேரோ. அர்ஜென்டினாவின் சந்தியாகோவில் பிறந்தவர் சந்தியாகேன்யோ. ஒரே ஊர்ப்பெயர், ஈறு மட்டும் வேறு. வாயைத் திறந்து ஈற்றைச் சொன்னால் கண்டம் தெரிந்துவிடும். உவெல்வா ஊர்க்காரர் ஒனுபென்சே, காதிஸ்காரர் காதித்தானோ, அல்காலாக்காரர் கொம்ப்ளுத்தென்சே: ஊர்கள் பெயர் மாறிய பிறகும் ரோமானியர் காலத்துப் பழைய பெயரைக் குடிமக்கள் சுமந்து திரிகிறார்கள். மத்ரித் நகரின் பெரிய பல்கலைக்கழகத்துக்குக் கொம்ப்ளுத்தென்சே என்று பெயர் இருப்பதும் அது அல்காலாவிலிருந்து பெயர்ந்து வந்ததால்தான். ஸ்பானிய விளையாட்டுப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு இந்த அறிவு இல்லாவிட்டால் தலைகால் புரியாது. நடால் பெயரை ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த வரியில் ‘மனகோர்க்காரர்’ என்பார்கள், அல்கராஸை ‘முர்சியாக்காரர்’ என்பார்கள், மெஸ்ஸியை ‘ரொசாரியோக்காரர்’ என்பார்கள். ஒரு பெயரை இருமுறை எழுதக்கூடாது என்று அவர்களுக்கு ஏதோ வேண்டுதல்.

அடை மெல்ல மெல்லப் பெயராகும்போது ஆட்கள் மட்டுமா மாட்டிக்கொள்கிறார்கள்? பொருள்களும்தான். பெண்பாற் சொல்லான சட்டை, துணி போன்றவற்றோடு ஒட்டியிருந்த நிலப்பெயர், காலப்போக்கில் துணையை உதறிவிட்டுத் தனியே நிற்கும். ஸ்பெயினில் ‘உனா அமெரிக்கானா’ என்றால் அமெரிக்கப் பெண்ணாகவும் இருக்கலாம், கோட்டுச் சட்டையாகவும் இருக்கலாம். ‘பெர்சியானா’ பாரசீகப் பெண் இல்லை, ஜன்னல் மறைப்பு. ‘அம்பூர்கேசா’ ஹாம்பர்க் நகரத்துப் பெண்ணும் ஆவாள், பர்கரும் ஆகும். ராட்சத ரயில் ஓடும் கேளிக்கை மேட்டுக்கு ஸ்பானியர் வைத்த பெயர் ‘ரஷ்ய மலை’; ரஷ்யர்களைக் கேட்டால் அதை ‘அமெரிக்கக் குன்றுகள்’ என்பார்கள். மயக்கம் வரவைக்கும் எதையும் யாரும் தன் நாட்டுச் சரக்கு என்று ஒப்புக்கொள்வதில்லை.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ‘இந்தியானா’ என்றால் ஸ்பானியத்தில் அச்சடித்த பருத்தித் துணி. சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பலேறிய சீட்டித்துணியைப் பார்த்து, அதேபோலச் செய்யத் தொடங்கி, 18ஆம் நூற்றாண்டில் பார்சலோனாவில் ஒரு பெரிய தொழிலே வளர்ந்தது. அதன் பெயரே இந்தியானா தொழில். ஸ்பானியர் நம் துணிக்கு நம் நாட்டின் பெயரை வைத்தார்கள். நாம் பதிலுக்கு நிலக்கடலைக்கு அவர்கள் ஆண்ட பிலிப்பைன்ஸின் தலைநகரின் பெயரை வைத்தோம்: மணிலாக்கொட்டை. வடமாவட்டங்களில் அது தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. கடலையை வேகவைத்துத் தின்கிறவர் எவருக்கும் வாயில் மணிலா இருப்பது தெரிவதில்லை.

துணியும் கடலையும் தப்புப் பெயரோடு வாழ்ந்துவிடும். ஆட்கள் விஷயம் அப்படியில்லை.

15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்குள் நாடோடிக் கூட்டங்கள் வந்தன. சிற்றெகிப்திலிருந்து வருகிறோம் என்றார்கள். 1425இல் அரகோன் அரசர் ஐந்தாம் அல்போன்சோ கொடுத்த பயண அனுமதிச் சீட்டிலும் ‘சிற்றெகிப்தின் ஹுவான்’ என்றே பெயர். எகிப்தியர் என்று பொருள்படும் ‘எஹிப்தானோ’ தேய்ந்து ‘ஹித்தானோ’ ஆயிற்று. அவர்கள் மொழியை ஆராய்ந்தவர்கள் பின்னால் கண்டது, அது இந்தியாவின் வடமேற்கில் பேசப்பட்ட மொழிகளின் உறவு என்பது. 1492இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் இறங்கி, எதிரே நின்ற மக்களை ‘இந்தியோஸ்’ என்றார். ஆக, இந்தியாவிலிருந்து உண்மையில் வந்தவர்கள் எகிப்தியரானார்கள். இந்தியாவைக் கனவிலும் காணாதவர்கள் இந்தியரானார்கள். நிஜ இந்தியர் பிற்காலத்தில் அங்கே போனபோது அவர்களுக்குரிய பெயர் ஏற்கெனவே செலவாகிவிட்டது. மிச்சமிருந்ததைக் கொடுத்தார்கள்: இந்தூ.

‘இந்தியோ’ அமெரிக்காக் கண்டத்தில் வெறும் பெயராக நிற்கவில்லை. வரி கட்டுபவன், கூலிக்காரன், படிக்காதவன் என்று முந்நூறு ஆண்டு ஆட்சியின் அழுக்கெல்லாம் அதில் படிந்தது. இன்றும் பல நாடுகளில் ‘எஸ் உன் இந்தியோ’ என்பது பச்சை வசை. 1969 ஜூன் 24 அன்று பெருவின் ஆட்சித் தலைவர் வெலாஸ்கோ அல்வராதோ நிலச் சீர்திருத்தச் சட்டத்தை அறிவித்தபோது, அதுவரை அந்த நாளுக்கு இருந்த ‘இந்தியோ தினம்’ என்ற பெயரை ‘குடியானவர் தினம்’ என்று மாற்றினார். நிலத்தோடு பெயரையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது மரியாதையாகப் பேசுகிறவர்கள் ‘இந்திஹேனா’ என்கிறார்கள். ஒலி ஒன்றுபோல் இருந்தாலும் இந்தியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘உள்ளே பிறந்தவர்’ என்னும் லத்தீன் சொல் அது. ‘சோய் உன் இந்தியோ’ என்ற என் மாணவர்களின் வாக்கியத்தில் எத்தனை பிழை என்று இப்போது எண்ணிக்கொள்ளலாம்.

சட்டமும் இந்த விளையாட்டை ஆடியிருக்கிறது. 1812இல் காதிஸில் எழுதப்பட்ட அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு, ஸ்பானிய நாட்டினம் என்பது இரு கோளார்த்தங்களிலும் உள்ள ஸ்பானியர் அனைவரும் சேர்ந்தது என்கிறது. ஒரே வாக்கியத்தில் அடையும் பெயரும். எவ்வளவு தாராளம் என்று வியந்துவிட்டு இன்னும் கொஞ்சம் படித்தால், ஸ்பானியர் வேறு, குடிமக்கள் வேறு என்று பிரித்துவிடுகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஸ்பானியர்தான், ஆனால் குடியுரிமைக்குத் தகுதியை நிரூபித்துக் காத்திருக்க வேண்டும். பெயரைக் கொடுத்தார்கள், வாக்கைக் கொடுக்கவில்லை.

தவறான நிலப்பெயரைச் சூட்டுவது ஸ்பானியருக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. ஒட்டமான் பேரரசின் சீட்டோடு வந்த சிரியர், லெபனானியர் எல்லோரும் லத்தீன் அமெரிக்காவில் துருக்கர் ஆனார்கள். சிரியக் குடும்பத்தில் பிறந்த அர்ஜென்டின அதிபராக இருந்த கார்லோஸ் மெனெமுக்குப் பட்டப்பெயர் ‘எல் துர்கோ’. ஜப்பானிய வம்சத்தவரான பெருவின் முன்னாள் அதிபர் ஃபுஹிமோரி ‘எல் சீனோ’, சீனர். அர்ஜென்டினாவில் ஸ்பெயினிலிருந்து வந்த எவரும் கலீசியர். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. துருக்கரென்ற சொல்லைத் துலுக்கராக்கி, துருக்கியைப் பார்த்தேயிராத நம்மூர் முஸ்லிம்கள் தலையில் கட்டினோம். அதை இன்று யாரும் அன்போடு சொல்வதில்லை. அயோனியக் கிரேக்கரைக் குறித்த யவனர் என்ற சொல்லை, கடலுக்கு மேற்கே இருந்து வந்தவர் எல்லோருக்கும் பொதுவாக்கினோம். பப்பாளி விற்ற அம்மாளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஸ்பானிய அகாதெமி என்ன சொல்கிறது? இந்திய நாட்டவருக்கு ‘இந்தியோ’வையே முதலில் பரிந்துரைக்கிறது. மதத்தைப் பின்பற்றுபவருக்கு ‘இந்துயிஸ்தா’ என்று தனிச்சொல் இருக்கிறது. நாட்டவர் என்ற பொருளில் ‘இந்தூ’வையும், மதத்தோடு குழம்பாத இடத்தில், ஏற்றுக்கொள்கிறது. அகாதெமியின் நிலை நியாயமானதுதான். ஆனால் மெக்சிகோவில் போய் ‘சோய் இந்தியோ’ என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. நான் கண்டுபிடித்த வழி, நிலப்பெயரையே தவிர்ப்பது. ‘சோய் தெ லா இந்தியா’, நான் இந்தியாவிலிருந்து வருகிறேன். தமிழில் ‘எனக்கு ஊர் தூத்துக்குடி’ என்கிறோமே, அதுபோல. ஊர் எனக்கு இருக்கிறது. நான் ஊராக இல்லை. மாணவர்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த அவையில் அகராதி வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் ஸ்பானியத்திலிருந்து நேரே தமிழுக்கு அகராதி செய்யும் நாள் வரும்போது, ‘ஹிந்தூ’ என்ற பதிவுக்கு எதிரே ‘இந்து’ என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடாதீர்கள். முதல் பொருளாக ‘இந்தியர், எந்த மதத்தவராயினும்’ என்று எழுதுங்கள். ‘இந்தியோ’ என்ற பதிவுக்கு எதிரே, எந்த நாட்டில் யாரிடம் சொல்லக்கூடாது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.